பூரண துப்புரவு

கிண்ணியாத் துறையில், பட்டினப் பக்கக் கரையில், ஒரு பூவரச மரம் நிற்கிறது. அதன் கீழே ஒரு காரின் பின் சீற் கிடக்கிறது. கார் இல்லை, சீற் மட்டும்தான். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு அங்கே பாதை என்று பெயர். பாதைக்குக் காத்திருப்பவர்கள் அந்தச் சீற்றில் குந்தி வெற்றிலை போடுவார்கள். ஒரு காரை முழுதாகத் துப்புரவு செய்ய எவ்வளவு காலம் எடுக்கும் என்று அவர்களிடம் கேட்டால், கேட்டவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு தாங்கள் இருக்கும் சீற்றைக் குனிந்து பார்ப்பார்கள்.

சீற் ஸெய்னுதீனுடையது. பேச்சுக் குறைந்த மனிதன். ஹயர் கார் ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு மௌனம் ஆகாது என்று மற்றச் சாரதிமார் சொல்வார்கள். ஆனால் அவன் கார் வாங்கியது ஹயர் ஓடுவதற்காக மட்டுமல்ல.

முதல் பிள்ளைக்கு வலி கண்டபோது, மனைவி லைலாவைக் கிண்ணியாவிலிருந்து தோணியில் ஏற்றி இந்த மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். இங்கிருந்து பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் வேண்டும். சொல்லி வைத்திருந்த கார் வரவில்லை. லைலா மணலில் கிடந்தாள். அவன் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். கார் வந்து சேர்ந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை. சாரதி கண்ணாடியை இறக்கி, சில்லுக் காற்றுப் போய்விட்டது என்று ஏதோ சொன்னான். ஸெய்னுதீன் அவனை ஏசவும் இல்லை. சிறிய துணிப் பொதியைக் கையில் வாங்கிக்கொண்டு, லைலாவோடு வந்த தோணியிலேயே திரும்பிப் போனான்.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுக் கப்பலேறிய வருஷம், ஊருக்குப் போகும் அதிகாரி ஒருவரிடமிருந்து பழைய ஒஸ்டின் ஒன்றை வாங்கினான். வீடு கிண்ணியாவில் இருந்தாலும் காரைப் பட்டினப் பக்கக் கரையில், அந்தப் பூவரசின் கீழேதான் நிறுத்துவான். பாதை பழுதானால் ஆளைத் தோணியில் ஏற்றலாம், காரை ஏற்ற ஏலாது. அதை அவன் எவருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. லைலாவுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

லைலா மறுபடி முழுகாமல் இருந்தாள்.

துறைமுகத்தை ஒட்டி ஒரு கந்தோர் இருந்தது. அரசாங்க வாகனங்களைத் துப்புரவாக வைத்திருப்பது அதன் கடமை. வாசற்பலகையில் அதன் பெயர் ஒரு மூச்சில் வாசித்து முடியாத நீளத்துக்கு எழுதியிருந்தது. சனங்கள் கழுவுற கந்தோர் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். வளவுக்குள் கார்கள் வரிசையாக நின்றன. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஒன்றும் ஓடாது.

ஆகவே ஒரு மந்திரி வருகிறார் என்று செய்தி வந்தபோது, கந்தோருக்கு வெளியே ஒரு கார் தேடவேண்டி வந்தது. கந்தோரில் ஓடக்கூடியதாக இருந்தது தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றும் பழைய ட்ரக்டர் ஒன்றுதான். அதன் பெட்டியில், பீப்பாய்களுக்கு நடுவே, வெள்ளை உடுப்போடு நின்றபடி அத்தியட்சகர் பாக்கியரத்தினம் துறையடிக்கு வந்து இறங்கினார். ஓட்டி வந்தவர் இராசையா. தண்ணீர் கொண்டுவருவதும் கார் கழுவுவதும் அவருடைய வேலை.

அத்தியட்சகர் ஒஸ்டினைச் சுற்றி நடந்து பார்த்தார். அரசாங்கத்துக்கு அது தேவைப்படுகிறது என்றும், அஸர் தொழுகைக்கு முன்னம் திரும்பி வந்துவிடும் என்றும் சொன்னார். ஏலாது என்பதை அரசாங்கத்துக்கு எந்த விதமாகச் சொல்வது என்று ஸெய்னுதீன் யோசித்தான். அவன் யோசித்து முடிக்க முன்னம் கார் போய்விட்டது.

மந்திரி அதன் பின் சீற்றில் ஏறிப்போய் ஒரு கட்டடத்தைத் திறந்து வைத்தாராம். அஸர் வந்தது, மஃரிப் வந்தது, கார் வரவில்லை.

மறுநாள் காலை கந்தோருக்குப் போனான். ஒஸ்டின் வளவில் நின்றது. மேலே கொஞ்சம் புழுதி, அவ்வளவுதான். காரின் திறப்பைத் தந்தால் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான். அத்தியட்சகர் அவனைக் கதிரையில் இருக்கச் சொன்னார். முந்தி ஒருகாலத்தில் யாரோ ஒருவருடைய காரை அரசாங்கம் இரவல் வாங்கி, மீன் நாற்றத்தோடு திருப்பிக் கொடுத்து, பெரிய வெட்கமாகப் போய்விட்டதாம். அன்றிலிருந்து கட்டளை இதுதான்: இரவல் எடுத்த வாகனம் பூரணமாகத் துப்புரவு செய்யப்பட்ட பின்னரே உரியவர் கையில் போகவேண்டும்.

“எனக்கு அழுக்கோடயே தாங்க ஐயா. ஓடினாக் காணும்.”

அத்தியட்சகர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “அழுக்கோட வாங்கிறது உம்மட பெருந்தன்மை. அழுக்கோட குடுக்கிறது எங்கட குற்றம். உம்மட பெருந்தன்மைக்காக நாங்கள் குற்றம் செய்யேலுமே?”

எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டான். துப்புரவு முடியும் வரை எடுக்கும் என்றார் அவர். அதில் பிழை பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மருத்துவிச்சி அசனா இருந்தாள். லைலாவின் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றாள். வீட்டில் வைத்துப் பார்க்கிற பிரசவம் இல்லை, வலி கண்டதும் ஆஸ்பத்திரிதான், இந்தப் பிறை தேய முன்னம் எப்பவும் வரலாம். அசனா போன பிறகு, வேறு யாரிடமாவது கார் சொல்லி வைக்கட்டுமா என்று ஸெய்னுதீன் கேட்டான்.

லைலா அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

“ஒருக்காச் சொல்லி வெச்சம்தானே,” என்றாள்.

அதன் பிறகு அவன் நாளும் கந்தோருக்குப் போனான். அங்கே நடப்பது நாளும் ஒன்றுதான். காலையில் இராசையா ஒஸ்டினைக் கழுவுவார், துடைப்பார், மெழுகு பூசித் தேய்ப்பார். மத்தியானம் கடற்காற்றுக் கிளம்பும். காற்றோடு உப்பு வந்து கண்ணாடியில் மெல்லிய வெள்ளையாகப் படியும். அதை மறுபடி துடைப்பார். பின்னேரம் அத்தியட்சகர் சோதிக்க வருவார். காற்றைப் பற்றிக் கேட்டபோது, அது தங்கள் கந்தோருக்குக் கீழே வருவதில்லை என்றும், உரிய இடத்துக்கு எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

சோதனைக்கு ஒரு முறை இருந்தது. அத்தியட்சகர் சட்டைப்பையிலிருந்து தன் வெள்ளை லேஞ்சியை எடுத்து இரண்டாய் மடித்து, காரின் மேலே ஓரிடத்தில் அழுத்தித் தேய்ப்பார். லேஞ்சியை விரித்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். வளவில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். லேஞ்சியில் மண்ணிறமாய் ஒரு கறை இருக்கும். அவர் தலையை ஆட்டுவார். கார் திரும்பவும் முதலிலிருந்து கழுவப்படும்.

மேலே பிறை மெலிந்துகொண்டு வந்தது.

ஒரு பின்னேரம் ஸெய்னுதீன் கறை எங்கே இருந்து வருகிறது என்று கண்டுபிடித்தான். கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, பார்த்தால் தெரியும். அத்தியட்சகர் கந்தோருக்குள்ளிருந்து வெயிலில் இறங்குவார். இரண்டடி வைத்ததும் கழுத்து வேர்க்கும். லேஞ்சியை எடுத்துத் தலை எண்ணெயும் வேர்வையும் பவுடருமாக வழியும் பிடரியைத் துடைப்பார். பிறகு அதே லேஞ்சியை இரண்டாய் மடித்துக் காரில் தேய்ப்பார்.

அவன் இராசையாவைப் பார்த்தான். இராசையா வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தியட்சகர் உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டான். “அண்ணே, உங்களுக்குத் தெரியும்தானே?”

“என்னத்தை?”

“லேஞ்சி.”

இராசையா துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியை இன்னொரு முறை பிழிந்தார். “நான் பென்சனுக்குக் கிட்ட நிக்கிற ஆள், தம்பி. எனக்குக் காரைத்தான் தெரியும். லேஞ்சியைத் தெரியாது.”

அன்று பாதையில் திரும்பிப் போகும்போது ஸெய்னுதீன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சொல்லலாம். ஐயா, அழுக்குக் காரில இல்ல, உங்கட பிடரியில எண்டு சொல்லலாம். சொன்னால் அத்தியட்சகர் வளவின் நடுவில், எல்லாருக்கும் முன்னால், அந்த லேஞ்சியோடு நிற்க வேண்டி வரும். அப்படி ஒருவரை நிறுத்தி வைத்துவிட்டு அவர் கையால் திறப்பு வாங்க ஏலுமா? சொல்லாமல் விடலாம். விட்டால் பிறை நிற்காது. ஒருவரையும் குனிய வைக்காமல் காரை எடுக்க ஒரு வழி வேண்டும். பாதை கரையில் முட்டியபோது வழி தெரிந்தது. தன்னுடைய வாழ்நாளில் தான் செய்த ஒரே தந்திரம் என்று பிறகு அவன் அதை நினைத்துக்கொள்வான்.

லைலாவிடம் நல்ல வெள்ளைத் துணியில் ஒரு லேஞ்சி தைக்கச் சொன்னான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஓரம் மடித்து, மூலையில் நீல நூலால் சிறிய பூவொன்றும் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த நாள் சோதனைக்கு முன்னம் அதை இரண்டு கையாலும் அத்தியட்சகரிடம் நீட்டினான். இவ்வளவு முக்கியமான வேலைக்கு ஐயா தன்னுடைய சொந்த லேஞ்சியை அழுக்காக்கக் கூடாது, காருக்கென்று ஒன்று தனியாக இருக்கட்டும் என்று சொன்னான். எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம். அத்தியட்சகர் நெகிழ்ந்து போனார். பொதுமக்களிடத்தில் இப்படியொரு பொறுப்புணர்ச்சியைத் தான் கண்டதில்லை என்றார். பழைய லேஞ்சியால் பிடரியைத் துடைத்து அதைச் சட்டைப்பையில் வைத்தார். புதிய லேஞ்சியை மடித்துக் காரின் முன்மூடியில் தேய்த்தார். விரித்துப் பார்த்தார்.

வெள்ளை.

கதவில் தேய்த்தார், வெள்ளை. சில்லுக்கு மேலே தேய்த்தார், வெள்ளை. இராசையா வாளியைக் கீழே வைத்தார். ஸெய்னுதீனின் கை திறப்புக்காகத் தானாகவே நீண்டது.

அத்தியட்சகரின் முகம் இருண்டுகொண்டு வந்தது. லேஞ்சியை நெடுநேரம் பார்த்தார், பிறகு காரை.

“இவ்வளவு நாளும் அழுக்கு வெளியில இருந்தது,” என்றார் தாழ்ந்த குரலில். “கண்ணால கண்டனாங்கள். இண்டைக்கு இல்லை. அது எங்க போனது?”

காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

“உள்ளுக்குப் போயிட்டுது.”

அன்றே ஒஸ்டினைக் கழற்றத் தொடங்கினார்கள்.

முதலில் பின் சீற்றை வெளியே எடுத்தார்கள். அதற்குக் கீழே கொஞ்சம் கடல் மணலும் கச்சான் கடலைக் கோதும் ஒரு கொண்டை ஊசியும் கிடந்தன. அத்தியட்சகர் கந்தோரில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். தான் வெளியை மட்டும் பார்த்துக் கையொப்பம் வைத்திருந்தால் அரசாங்கம் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். அந்தக் கொண்டை ஊசி லைலாவுடையது என்று ஸெய்னுதீனுக்குத் தெரியும். கேட்டு வாங்க நினைத்தான். அது துப்புரவு செய்ய வேண்டிய பொருள்களோடு உள்ளே போய்விட்டது.

பிறகு கதவுகள், சில்லுகள், கண்ணாடி. பிறகு எஞ்சின். அதற்குள் கறுப்பாய் ஒன்று நிறைந்திருப்பதை அத்தியட்சகர் கண்டார். அது எண்ணெய் என்று இராசையா சொன்னார். எண்ணெயோ தண்ணீரோ, லேஞ்சியில் கறுப்பாய்ப் பிடிப்பது எல்லாம் கந்தோரின் கண்ணுக்கு அழுக்குத்தான் என்றார் அத்தியட்சகர். எண்ணெய் வடிக்கப்பட்டது. எஞ்சின் சவர்க்காரம் போட்டுக் கழுவப்பட்டது. ஆணிகளைக்கூட ஒவ்வொன்றாய்த் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தார்கள். தேய்த்ததை எல்லாம் கந்தோரின் நீண்ட விறாந்தையில் வெள்ளைச் சீலை விரித்து அடுக்கினார்கள்.

ஸெய்னுதீன் வாசலோரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தான் வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தியட்சகருக்கு ஒரு நாள் வெட்கம். சொல்லாமலே இருந்திருந்தால் கார் வளவில் முழுசாக நின்றிருக்கும்; ஒரு நேரத்தில் மதிலேறிக் குதித்தாவது ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவன் இரண்டும் செய்யவில்லை. மரியாதையாக ஒரு லேஞ்சி கொடுத்தான்.

கழற்றியதைத் திரும்பப் பொருத்திப் பூட்டுகிற வேலை எப்போது என்று ஒருநாள் கேட்டான்.

அத்தியட்சகர் பதறிப் போனார். பூட்டுவதென்றால் கை படும், கை பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தானா என்று கேட்டார். அதோடு, கந்தோரின் கடமை துப்புரவு செய்வதே தவிரப் பூட்டுவது அல்ல.

வீட்டில் லைலா ஒன்றும் கேட்பதில்லை. அவன் வந்து திண்ணக் குந்தும்போது அவன் கையைப் பார்ப்பாள். கையில் திறப்பு இல்லை என்று தெரிந்ததும் சோற்றைப் போடுவாள். அந்த வீட்டில் குறுக்கே கிடக்கும் பிள்ளை அசைகிற நேரத்தில் மட்டும் அவள் மெல்ல மூச்சை இழுப்பது கேட்கும்.

பிறை ஒரு நகக்கீறலாய் ஆனபோது கந்தோரில் விழா வைத்தார்கள்.

பூரணமாகத் துப்புரவு செய்யப்பட்ட முதல் வாகனத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். உரிமையாளர் என்ற முறையில் ஸெய்னுதீனுக்கும் முன்வரிசையில் ஒரு கதிரை கொடுத்திருந்தார்கள். விறாந்தையில் வெள்ளைச் சீலை மேலே ஒஸ்டின் பரந்து கிடந்தது. ஒரு துரு இல்லை, ஒரு துளி எண்ணெய் இல்லை.

அத்தியட்சகர் எழுந்து பேசினார்.

“பெரியோர்களே, ஓடுகின்ற வாகனம் அழுக்காகின்றது. அழுக்காகின்ற வாகனம் கழுவப்படுகின்றது. கழுவப்பட்ட வாகனம் மீண்டும் ஓடி மீண்டும் அழுக்காகின்றது. முடிவில்லாத இந்தச் சுழற்சியிலிருந்து ஒரு காரையாவது விடுதலை செய்ய இயலாதா என்று எமது கந்தோர் நெடுங்காலம் சிந்தித்தது. இத்தனை காலமும் நாம் புழுதியோடு போராடினோம். போராட வேண்டியது புழுதியோடு அல்ல, பயணத்தோடு என்பதை இன்று கண்டுகொண்டோம். இந்தக் கார் இனி எங்கும் போகாது. ஆகவே இனி ஒருநாளும் அழுக்காகாது.”

கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கும்போதுதான் வாசலில் ஹிஸ்புல்லா நிற்பதை ஸெய்னுதீன் கண்டான். ஹிஸ்புல்லா பாதை தள்ளுகிறவன். இரவல் சைக்கிளில் வந்திருந்தான். சாரம் முழங்கால்வரை நனைந்திருந்தது. கூட்டத்தைக் கண்டு உள்ளே வரப் பயந்து அங்கேயே நின்றான். ஸெய்னுதீன் எழுந்து போனான்.

“காக்கா, லைலா ராத்தாக்கு வலி கண்டிட்டு. தோணியில ஏத்தி இந்தக் கரைக்குக் கொண்டு வந்து சேத்திட்டம். அசனா கூட இருக்கா. மரத்துக்குக் கீழதான் படுத்தியிருக்கு.”

“மணல்லயா?”

“மணல்லதான்.”

ஸெய்னுதீன் திரும்பி வளவைப் பார்த்தான். வரிசையாய்ப் பளபளக்கும் கார்கள். ஒன்றும் ஓடாது. விறாந்தையில் அவனுடைய கார். வளவின் மூலையில், விருந்தினர் கண்ணில் படாதபடி படங்குச் சீலையால் மறைத்து, தண்ணீர் ட்ரக்டர் நின்றது. மேலெல்லாம் சேறு. அதை ஒருவரும் ஒருநாளும் கழுவியதில்லை.

அவன் இராசையாவைப் பார்த்தான். விழாவுக்காக வெள்ளை வேட்டி கட்டிக் கைகட்டி நின்ற இராசையாவும் அவனைப் பார்த்தார். இராசையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூலைக்கு நடந்தார். பெட்டியிலிருந்து பீப்பாய்கள் ஒவ்வொன்றாய் உருண்டு விழும் சத்தம் கேட்டது.

ஸெய்னுதீன் விறாந்தையில் ஏறினான். செருப்போடு வெள்ளைச் சீலையை மிதித்துக்கொண்டு போய்ப் பின் சீற்றின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கத்தை ஹிஸ்புல்லா பிடித்தான். கொழும்பிலிருந்து வந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து இன்னொரு முறை கைதட்டினார்கள்.

அத்தியட்சகர் குறுக்கே வந்து நின்றார். “நீர் என்ன செய்யிறீர்? அது துப்புரவான சீற்.”

“ஓம் ஐயா.”

“எங்க கொண்டு போறீர்?”

ஸெய்னுதீன் நின்றான். சொல்லுவதற்கு நிறைய இருந்தது. அவ்வளவையும் சொல்ல நேரம் இல்லை.

“அழுக்காக்க,” என்றான்.

அத்தியட்சகர் விலகினார். அந்தச் சொல்லைக் கேட்டு அவர் உடம்பு தானாக விலகியது என்றுதான் சொல்ல வேண்டும்.

ட்ரக்டர் பெட்டியில் சீற்றைப் போட்டு, துறையடிக்குப் போய், லைலாவை மணலிலிருந்து தூக்கி அதில் கிடத்தினார்கள். ஸெய்னுதீன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். இராசையா பள்ளம் பார்த்து ஓட்டினார், பள்ளம் இல்லாத இடமும் இருக்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் அவள் விரல்கள் அவன் கையில் இறுகின. பாதி வழியில் பன்னீர்க்குடம் உடைந்தது. அதன் பிறகு இரத்தம் வந்தது. அசனா ஓதிக்கொண்டே இருந்தாள். அவன் ஓதவும் மறந்து, பின்னால் சுருங்கிக்கொண்டு போகும் றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் லைலாவின் விரல்கள் இறுகுவதை விட்டிருந்தன. உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

இராசையா ட்ரக்டரை நிறுத்திவிட்டு வந்து, சீற்றை இறக்கி ஆஸ்பத்திரி விறாந்தையில் போட்டு, ஸெய்னுதீனுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். பென்சன் பற்றி ஸெய்னுதீன் ஏதோ கேட்க வாயெடுத்தான். இராசையா வேண்டாம் என்று கையால் காட்டினார்.

கதவு திறந்தபோது உள்ளேயிருந்து முதலில் வந்தது அழுகைதான். மெல்லிய, கோபமான அழுகை. பெண் பிள்ளை. தாயும் இருக்கிறாள் என்று தாதி சொன்னாள். ஸெய்னுதீன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அத்தியட்சகர் அன்று மாலையே வந்தார். பிள்ளையைப் பற்றி விசாரித்தார். சந்தோஷம் என்றார். பிறகு விறாந்தையில் கிடந்த சீற்றின் முன்னால் குனிந்து, சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மடித்தார். மூலையில் நீலப்பூ. இன்னும் முழுதாகக் காயாத அந்த இடத்தில் மெல்லத் தேய்த்து, விரித்துப் பார்த்தார்.

அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

“காலமை வரைக்கும் இந்த நாட்டில பூரணமாத் துப்புரவான கார் ஒண்டு இருந்தது, ஸெய்னுதீன்,” என்றார்.

சீற்றைத் திருப்பிக் கொண்டுவந்து தரவேண்டும் என்றார். சீற் அழுக்கென்றால் கார் அழுக்கு, கார் அழுக்கென்றால் விறாந்தையில் கிடக்கும் ஒவ்வொரு ஆணியும் அழுக்கு. எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு காலம் எடுக்கும் என்று ஸெய்னுதீன் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், அது உரிமையாளரின் ஒத்துழைப்பைப் பொறுத்தது என்று. சொல்லிவிட்டு நிமிர்ந்தார். விறாந்தை புழுக்கமாக இருந்தது. கையில் இருந்த லேஞ்சியாலேயே பிடரியை நன்றாகத் துடைத்துக்கொண்டார். வெள்ளைக் கழுத்துப்பட்டியில் செம்மண்ணிறமாய் ஒரு கறை நீளமாய் விழுந்தது.

ஸெய்னுதீன் அதைப் பார்த்தான். இராசையாவும் பார்த்தார்.

அத்தியட்சகர் படியிறங்கி, அந்தக் கறையோடு நிமிர்ந்த நடையாய்ப் பட்டினத்துக்குள் நடந்து போனார். இருவரும் அவர் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லைலா எழுந்து நடமாடத் தொடங்கியதும் இராசையா அதே ட்ரக்டரில் அவர்களைத் துறையடியில் கொண்டுவந்து விட்டார். பிள்ளைக்கு ஸல்ஹா என்று பெயர் வைத்திருந்தார்கள். தோணி வரும் வரை சீற்றைப் பூவரசின் கீழே, கார் நிற்கிற இடத்தில், இறக்கி வைத்தார்கள். கறை நடுவில் காய்ந்து கறுத்திருந்தது. ஸெய்னுதீனுக்கு அதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. துறையில் இறங்கி ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தான். ஒரு துணியும் தேடினான்.

லைலா பிள்ளையோடு அந்தச் சீற்றில் இருந்தாள். வாளியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இத்தனை நாளாக அவள் காரைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

“கழுவாதீங்க,” என்றாள். “துப்புரவாப் போனா அது அவங்கட.”

அவன் வாளித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினான்.